கண்ணாடியின் சந்தோஷம்

பல் டாக்டர் தில்லைநாயகத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டவர்கள் இரண்டு வகை. யாரோ ஒருவர் வீட்டுக் குக்கரில் கேஸ்கட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் முதல் வகை. இரண்டாம் வகையினர் பொன்மாரி அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள். அவர்களுக்கு உண்மை தெரியும்.

சேலையூரைத் தாண்டி இருக்கிறது அந்தக் குடியிருப்பு. மாலை ஆறு மணி ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து அந்த ஓசை கிளம்பும். கீழ் ஸ்வரங்களில் எப்படியோ தத்தித் தடுமாறி வந்துவிடும். மேல் ஷட்ஜத்துக்கு ஏறுகிற இடத்தில் மட்டும் கட்டாயம் ஒரு பிசிறு அடிக்கும். சாதாரணப் பிசிறு அல்ல. கேட் ஓரம் படுத்திருக்கும் மணி என்கிற தெரு நாய் எழுந்து உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்துவிடும். பிறகு இருவரும் சேர்ந்தே கச்சேரியை முடிப்பார்கள்.

நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். வயலின் என்றால் சொல்லியிருப்பார்கள். டிரம்ஸ் என்றால் போலீசுக்கே போயிருப்பார்கள். இது மங்கல வாத்தியம். வாசிக்காதே என்று எந்த வாயால் சொல்வது? கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணோ பிள்ளையோ இல்லாத வீடு அங்கே அபூர்வம். ஆகவே டாக்டரின் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு மோட்டார் ரூம் பக்கத்தில் கூடினார்கள், மனதாரத் திட்டினார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

டாக்டரின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். படிப்பை முடித்த நாளிலிருந்து தன்னைக் கண்டு மிரளும் முகங்களையே பார்த்து வந்தவர் அவர். அவர் கையில் எது சத்தம் போட்டாலும் எதிரே இருப்பவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொள்வார். தான் எழுப்புகிற சத்தத்தைக் கேட்டு நாலு முகம் மலர வேண்டும், ஒரே ஒரு தடவை போதும் என்பது அவருக்கு வெகுநாள் ஏக்கம். மகள் வெண்பாவின் கல்யாணம் தை மாதம் என்று நிச்சயமானதும், மாலை மாற்ற அவள் மேடைக்கு நடந்து வரும்போது மோகன ராகத்தில் ஒரு சின்ன உருப்படியைத் தானே வாசிப்பதாக அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"மேளக்காரங்க வருவாங்க, அவங்க வாசிக்கட்டும். நீங்க பல்லைப் புடுங்குங்க, அது போதும்" என்றாள் அவர் மனைவி பிரமிளா. ஒரே ஒரு முறைதான் சொன்னாள். பிறகு பஞ்சு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுகமானி வந்தது.

ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒரு மெல்லிய வில்லை. இடது கை ஆள்காட்டி விரலின் நுனியில் ஒட்டிக்கொண்டால், ரத்த ஓட்டத்தையும் வியர்வையையும் இன்னும் என்னென்னவோ நுணுக்கங்களையும் படித்து, ஆள் இந்த நொடியில் எவ்வளவு சந்தோஷப்படுகிறார், எவ்வளவு அவதிப்படுகிறார் என்று எண்ணாகச் சொல்லிவிடும். எல்லார் எண்ணையும் கூட்டி லிஃப்ட் பக்கத்துப் பலகையில் காட்டும். எந்த முடிவால் மொத்தம் ஏறுகிறதோ அதுவே சரியான முடிவு. குடியிருப்போர் சங்கத்தில் இனி சண்டையே வராது என்றது அதைச் செய்த கம்பெனி.

விளக்கம் சொல்ல நஸ்ரின் என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் தத்துவம் படித்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குக் கருவி தெரியும், அது எதற்கு என்பது தெரியாது.

"இது எங்க ஐடியா இல்ல" என்று ஆரம்பித்தாள் நஸ்ரின். "இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. லண்டன்ல ஒருத்தர் சட்டம் படிச்சார். வக்கீல் தொழிலுக்குப் போகல, ஏன் இந்தச் சட்டமெல்லாம் இப்படி இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சுட்டார். ராஜா சொன்னார், வழக்கம் அப்படி, சாமி குத்தம், இதெல்லாம் ஒரு காரணமான்னு கேட்டார். மனுஷனை ஆட்டி வைக்கிறது ரெண்டே விஷயம், சுகமும் வலியும். அப்ப ஒரு காரியம் நல்லதா கெட்டதான்னு எப்படிப் பாக்கறது? அதால எத்தனை பேருக்கு எவ்வளவு சுகம், எவ்வளவு வலின்னு கூட்டிக் கழிச்சுப் பாத்தாப் போச்சு. எவ்வளவு அழுத்தமா இருக்கு, எவ்வளவு நேரம் நிக்கும், நிச்சயமா வருமான்னு கணக்குக்கு வழிகூடப் போட்டுக் குடுத்தார். அவர்கிட்ட மீட்டர்தான் இல்ல. எங்ககிட்ட இருக்கு."

"அதுல ராஜாவுக்கு எத்தனை பங்கு?" என்று கேட்டார் சங்கத் தலைவி எஸ்தர் மேடம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி அவருடையது.

"ராஜாவும் ஒண்ணு, வாட்ச்மேனும் ஒண்ணு மேடம். யாரும் ஒண்ணுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மிருகத்தையும் சேத்துக்கிட்டார். அதுக்குப் பேசத் தெரியுமான்னு கேக்காதே, வலிக்குமான்னு கேளுன்னார்."

அதன்படி நாய் மணிக்கும் காதுக்குள் ஒரு பொட்டு ஒட்டப்பட்டது.

"அந்த மனுஷர் இப்ப இல்லையே?" என்றார் தரைத்தள கோவர்த்தனன். இவர் மோட்டார் ரூம் சபையின் நிரந்தரத் தலைவர்.

"இருக்கார் சார். செத்தப்புறமும் நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கணும்னு உடம்பை அறுத்துப் படிக்கச் சொல்லிட்டார். மிச்சத்துக்குத் தன்னோட உடுப்பையே மாட்டி, பெட்டியில உக்கார வெக்கச் சொல்லிட்டார். லண்டன்ல ஒரு காலேஜ்ல இன்னும் உக்காந்திருக்கார்."

"மெயின்டனன்ஸ் யாரு கட்றாங்க?" என்றார் கோவர்த்தனன்.

வாக்கெடுப்பில் முதலில் கை தூக்கியவர் தில்லைநாயகம்தான். அவருக்கு அந்த லண்டன்காரரை ரொம்பவும் பிடித்துப்போனது. "கொஞ்சம் வலிக்கும், அப்புறம் சுகமா இருக்கும். இதைத்தானே நான் தினம் என் பேஷன்ட்டுங்ககிட்ட சொல்றேன்" என்று சந்தோஷமாக எல்லோரிடமும் சொன்னார். பாவம், கை தூக்குவதற்கு முன் அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

சுகமானி முதலில் நன்றாகத்தான் வேலை செய்தது. தண்ணீர் திறக்கும் நேரம், கார் நிறுத்தும் இடம், லிஃப்டில் பாட்டு வேண்டுமா வேண்டாமா எல்லாம் சண்டையில்லாமல் முடிந்தன. பொட்டு என்று பெயர் வைத்த பிறகு அதைப் பொட்டாகவே நடத்தினார்கள். குளிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, முகம் கழுவும்போது கழற்றிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார்கள். நாலாம் மாடி ராஜேஸ்வரியின் எண் ஒருநாள் எல்லோருடையதையும் தாண்டிப் போயிற்று. கண் பட்டுவிடுமே என்று அவள் நடுங்கி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். நடுக்கத்தில் எண் சரிந்தது. சரிந்துவிட்டது என்ற நிம்மதியில் மறுபடி ஏறிவிட்டது. அன்று முழுக்க அவளுக்கு இதே வேலையாக இருந்தது.

ஐப்பசியில் நாதஸ்வரத்தின் முறை வந்தது.

தீர்ப்பை எஸ்தர் மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். மாலை ஆறு மணி வந்ததும் எல்லா வீட்டு எண்ணும் இறங்குகிறது. அவதிப்படுகிறவர்களின் கூட்டுத்தொகை பெரியது. வாசிப்பு நிறுத்தப்பட வேண்டும். "நாங்க சொல்லல டாக்டர், மிஷின் சொல்லுது" என்று கோவர்த்தனன் முந்திக்கொண்டார். மங்கல வாத்தியத்தை நிறுத்திய பாவம் மிஷினுக்குத்தான் என்பதில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல்.

"நம்ம நாய் மணிக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

நஸ்ரின் தன் கைப்பலகையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. "அதுக்கு மட்டும் ஏறுது அங்கிள். அது அழல. கூடப் பாடுது."

"என்னோட எண்ணு?"

அவள் தயங்கினாள். "பூஜ்யம்."

"பூஜ்யமா?"

"நீங்க வாசிக்கிற நேரம் முழுக்கப் பூஜ்யம்தான் அங்கிள். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தில்லைநாயகம் சிரிக்கவில்லை. ஊருக்கே அவதி என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தன்னுடைய சந்தோஷமே பொய் என்று ஒரு கருவி சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாதஸ்வரத்தின் சீவாளியை உதட்டில் வைக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ நிறைந்ததே, அது என்ன? வெறும் பிரமையா? எக்ஸ்ரேயை நம்பித்தான் அவர் இத்தனை வருடமும் பல்லைத் தொட்டிருக்கிறார். நோயாளி வலிக்கவில்லை என்றாலும் எக்ஸ்ரேயில் சொத்தை என்றால் சொத்தைதான். அதே வழக்கத்தில் இதையும் நம்பிவிட்டார்.

"நிறுத்திடறேன்" என்றார்.

ஆனால் மகளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. தனக்குச் சந்தோஷம் இல்லை என்றால் போகிறது, அவளுக்காக வாசித்துத்தானே ஆக வேண்டும்? நாதஸ்வரத்தைத் துணியில் சுற்றிக் கிளினிக்குக்கு எடுத்துப் போனார். மதிய இடைவேளையில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். முதல் நாள் மேல் ஷட்ஜம் பிசிறடித்தபோது, வெளியே காத்திருந்த மூன்று பேர் உள்ளே யாருக்கோ கடைவாய்ப் பல் பிடுங்குகிறார்கள் என்று எண்ணி ஓசைப்படாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்கு அதோடு பல்வலியும் போய்விட்டதாகக் கேள்வி.

ஆனால் கூடப் பாட மணி இல்லாததால், டாக்டருக்குத் தன் வாசிப்பு முதல்முறையாகத் தன் காதில் விழுந்தது. கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்க்கிறவருக்குத் தவறைக் கண்டுபிடிக்க எத்தனை நாளாகும்? கீழ் உதட்டைப் பல் அழுத்திக்கொண்டிருந்தது. தாடையைக் கொஞ்சம் தளர்த்தினார். மேல் ஷட்ஜம் பிசிறில்லாமல் வந்து நின்றது. அவருக்கே ஒரு கணம் பயமாகிவிட்டது.

இதற்கிடையில் பொன்மாரியில் ஒரு விபரீதம். வாசிப்பை நிறுத்திய பிறகு பலகையில் மொத்த எண் ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. நஸ்ரின் ஓடி வந்தாள். தண்ணீரைப் பார்த்தாள், கொசுவைப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. ஒருநாள் ஏழு மணிக்கு மோட்டார் ரூம் பக்கம் போனவள், அங்கே கோவர்த்தனன் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

"யாரையும் காணோமே சார்?"

"வந்து என்ன பேசறது?" என்றார் அவர் சோர்வாக. "முன்னாடியெல்லாம் டாக்டர் வாசிச்சு முடிச்சார்னா போதும், எல்லாரும் வந்துடுவாங்க. இன்னிக்கு எங்க பிசிறடிச்சுது, எப்படி அடிச்சுது, ராஜேஸ்வரி அம்மா அப்படியே வாயால வாசிச்சுக் காட்டும். வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்புறம் பசி நல்லா எடுக்கும். இப்ப ஆளாளுக்கு வீட்டுக்குள்ள கெடக்கறோம்."

நஸ்ரின் பழைய எண்களைப் புரட்டினாள். விஷயம் வெட்டவெளிச்சமாக இருந்தது. ஆறு மணிக்குச் சிறு சரிவு, ஏழு மணிக்குப் பெரிய ஏற்றம். அந்த ஏற்றத்தை நாதஸ்வரத்தோடு சேர்க்காமல் மோட்டார் ரூமின் பேரில் வரவு வைத்திருந்தது மிஷின். மோட்டார் ரூமுக்கு வெள்ளையடிக்கக்கூடச் சிபாரிசு செய்திருந்தது.

அடுத்த கூட்டத்தில் புதிய தீர்ப்பு வந்தது. எஸ்தர் மேடம் டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் படித்தார். வாசிப்பைத் தொடர வேண்டும். பழைய தரத்திலேயே தொடர வேண்டும்.

"அதாவது டாக்டர்," என்று கோவர்த்தனன் குழைந்தார், "ரொம்ப முன்னேறிடாதீங்க."

தில்லைநாயகம் நஸ்ரினைத் தனியே அழைத்தார். "ஏம்மா, ஒருத்தன் தப்பா வாசிக்கிறதை வெச்சுச் சிரிக்கிற சந்தோஷமும், நல்ல சங்கீதம் கேக்கிற சந்தோஷமும் ஒண்ணாம்மா?"

"இந்தக் கேள்விய ஏற்கெனவே கேட்டுட்டாங்க அங்கிள். பெட்டியில உக்காந்திருக்கார்ல, அவர் ஒண்ணுதான்னார். அளவு சமம்னா பல்லாங்குழியும் சங்கீதமும் சமம்தான்னார். அவரோட நண்பருக்கு ஒரு பையன். சின்ன வயசிலேயே இந்தக் கணக்கையெல்லாம் கரைச்சுக் குடிச்சவர். இருபது வயசுல எதுலயுமே சந்தோஷம் இல்லாம இடிஞ்சு போயிட்டார். அப்புறம் கவிதை படிச்சுத்தான் தேறி வந்தாராம். அவர் சொன்னார், சந்தோஷத்துல மட்டமானதும் இருக்கு, ஒசந்ததும் இருக்கு, ரெண்டையும் ஒரே தராசுல நிறுக்க முடியாதுன்னு."

"அப்ப ரெண்டாவது ஆள் சொன்னபடி செய்யலாமே."

"எங்க கம்பெனி முதல் ஆளோட நின்னுடுச்சு அங்கிள். ரெண்டாவது ஆளுக்கு சாஃப்ட்வேர் எழுத வரலையாம்."

அன்றிலிருந்து தில்லைநாயகத்துக்கு இரண்டு வாழ்க்கை. மதியம் கிளினிக்கில் சுத்தமாக வாசித்தார். மாலை வீட்டில், உதட்டைப் பல்லால் அழுத்தி, கவனமாகக் கெடுத்து வாசித்தார். மணி மறுபடி பாடியது. மோட்டார் ரூம் நிரம்பியது. பலகையில் எண் ஏறியது. அவருக்கு மட்டும் பூஜ்யம். நான்தான் பூஜ்யமாயிற்றே, எப்படி வாசித்தால் என்ன என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல மனம் வெறுத்தது.

தை பிறந்தது. கல்யாணத்துக்குப் பொன்மாரி முழுவதும் வந்து மண்டபத்தின் முன் வரிசைகளைப் பிடித்துக்கொண்டது. எல்லோர் விரலிலும் பொட்டு. டாக்டர் வாசிக்கப் போகிறார் என்பது அழைப்பிதழில் இல்லாவிட்டாலும் ஊருக்கே தெரியும். ராஜேஸ்வரி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையோடு தயாராக இருந்தாள். கல்யாண மேளத்தின் வித்வான் பெருந்தன்மையாகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். தவில்காரர் மட்டும் சந்தேகமாகத் தன் தவிலை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மணப்பெண் அறையில் அலங்காரம் முடிந்து வெண்பா எழுந்து நின்றாள். அப்பா அங்கிருந்த குழாயில் கை கழுவிவிட்டு, விரல் நுனியிலிருந்து பொட்டைப் பிரித்து, கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினார். நஸ்ரினும் கூட இருந்தாள்.

"அப்பா, இதை எதுக்குக் கழட்டறீங்க?"

"வாசிக்கப் போறேன்ல? துளையை மூடறப்ப பொட்டு இருந்தா இடுக்குல காத்து ஒழுகும்மா. பிசிறடிச்சுடும்."

"வீட்டுல வாசிக்கிறப்பவும்?"

"எப்பவுமே இப்படித்தான். கண்ணாடியில ஒட்டிட்டுத்தான் போவேன்."

நஸ்ரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்கிள்," என்றாள் மெதுவாக, "அப்ப அந்தப் பூஜ்யம் உங்களோடது இல்ல. கண்ணாடியோடது. கழட்டினா ஆள் இல்லைன்னு காட்டணும். குளியலறை ஈரத்துல, வெதுவெதுப்புல, ஏதோ ரொம்ப அமைதியான மனுஷன்னு நெனச்சுக்கிச்சு. இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பூஜ்யம்னு சொன்னதும் எனக்கு வேற எதுவும் தோணலம்மா" என்றார் தில்லைநாயகம். பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது பல் ஃபிலிமுக்கு நேரே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர், தன் விஷயத்தில் அதைப் பார்க்காமல் விட்டிருந்தார். ராஜாவும் ஒன்று, வாட்ச்மேனும் ஒன்று, நாயும் ஒன்று. அவரை மட்டும் யாரும் எண்ணவே இல்லை.

வெண்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மை கரையுமே என்று அழவும் முடியவில்லை. கண்ணாடியிலிருந்து பொட்டைப் பிரித்து அப்பாவின் விரலை இழுத்து ஒட்டினாள்.

"வேண்டாம்மா, காத்து ஒழுகும். நான் நல்லா வாசிக்கப் பழகியிருக்கேன், உனக்குத் தெரியாது."

"ஒழுகட்டும். நீங்க இல்லாம என்ன கணக்குப்பா அது?"

மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவள் மேடையை நோக்கி நடக்கத் தொடங்கியதும் வாசிப்பு எழுந்தது. மோகனம் வழிந்தது. எஸ்தர் மேடம் தன்னையறியாமல் கண்ணை மூடினார். வித்வான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தவில்காரர் தவிலைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டார். முன் வரிசையில் மட்டும் முகங்கள் தொங்கிப்போயின. "நல்லா வாசிக்கிறாரே" என்றார் கோவர்த்தனன், ஏதோ இழவுச் செய்தி போல. ராஜேஸ்வரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

உருப்படி மேல் ஷட்ஜத்துக்கு ஏறியது. தாடை தளர்ந்தே இருந்தது. உதடும் சரியாக இருந்தது. விரலுக்கும் துளைக்கும் நடுவே பொட்டு இருந்தது. பிசிறடித்தது. இதுவரை அடித்த எல்லாப் பிசிறுகளுக்கும் தாய்ப் பிசிறு அது.

மண்டபமெங்கும் சிரிப்பு பொங்கியது. கோவர்த்தனன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ராஜேஸ்வரி கைக்குட்டையைத் தேடினாள். பிரமிளா பஞ்சை எடுத்துவிட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளை சிரித்தான். பாதி வழியில் நின்ற வெண்பா, மையாவது ஒன்றாவது என்று கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

இத்தனை மாத உழைப்பு போயிற்றே என்று தில்லைநாயகம் நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஒரு மண்டபம் நிறைய முகங்கள். ஒன்றுகூட மிரளவில்லை. எல்லாம் மலர்ந்திருந்தன, அவர் எழுப்பிய சத்தத்தால்.

உருப்படியில் அந்த வரி இன்னொரு முறை வர வேண்டும். விரலைச் சற்று நகர்த்தினால் பொட்டு விலகிவிடும், ஷட்ஜம் சுத்தமாக நிற்கும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் விரலை நகர்த்தவில்லை. கூடவே உதட்டையும் பல்லால் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.

இரண்டாவது பிசிறுக்கு மண்டபத்தின் கூரை பெயர்ந்துவிடும்போல் இருந்தது.

ஓரமாக நின்ற நஸ்ரின் தன் கைப்பலகையைப் பார்த்தாள். மொத்த எண் இதுவரை காணாத உயரத்தில் நின்றது. ஒவ்வொரு பெயராகத் தள்ளித் தில்லைநாயகத்தின் எண்ணைத் தேடினாள். கோடு விறுவிறு என்று ஏறி, பலகையின் விளிம்பைத் தொட்டு, மறைந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு வாசகம் வந்தது. கருவிக் கோளாறு, இந்த எண் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஒரு தனி மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியாது என்று கம்பெனியில் முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். இது கோளாறு அல்ல என்று விளக்கி நஸ்ரின் நீளமாக எழுதிப் போட்டாள். மாசி பிறந்ததும் பதில் வந்தது. பழுதான பொட்டுக்கு வருந்துகிறோம், புதியது அனுப்பியிருக்கிறோம்.

புதுப் பொட்டு வந்த அன்று மாலை தில்லைநாயகம் அதைப் பிரித்துப் பார்த்தார். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினார். நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கீழே மணி எழுந்து உட்கார்ந்தது. மோட்டார் ரூம் பக்கம் கோவர்த்தனன் நாற்காலிகளைப் போட ஆரம்பித்தார்.